கோப்பின் தலையில் நிற்கும் பெயர்கள்: கட்டற்ற மென்பொருளில் பதிப்புரிமை அறிவிப்பைப் பேணுவது பற்றி

எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் அனுமதிக்கும் கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் மூலநிரல் கோப்புகள் பெரும்பாலும் ஒரு குறிப்புரையோடு தொடங்கும். பதிப்புரிமைக் குறி, ஓர் ஆண்டு, ஒரு பெயர். அதன் கீழே அந்தக் கோப்பை யார், என்ன நிபந்தனையின்பேரில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சில வரிகள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் சிக்னல்களைக் கையாளும் கோப்பில் ‘பதிப்புரிமை 1991, 1992 லினஸ் டோர்வால்ட்ஸ்’ என்று பொருள்படும் வரி இன்றும் இருக்கிறது. அந்தக் கோப்பை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ பேர் திருத்தியும் விரித்தும் எழுதியிருக்கிறார்கள்; வரி மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு திட்டத்துக்குள் புதிதாக வருபவருக்கு இத்தகைய வரிகள் காலாவதியான எச்சமாகத் தோன்றுவதும், கோப்பைச் சீரமைக்கும் வேகத்தில் இவற்றையும் சேர்த்து நீக்கிவிடலாம் என்று நினைப்பதும் இயல்பே. ஆனால் அந்த வரிகளை எழுதியவரைத் தவிர வேறு எவருக்கும் அவற்றை நீக்கும் உரிமை கிடையாது. இது மரியாதை சார்ந்த வழக்கம் மட்டுமன்று, நாம் அந்த நிரலைப் பயன்படுத்த அனுமதி பெற்றிருப்பதே அந்த நிபந்தனையின்பேரில்தான்.

முதலில், அந்தக் குறிப்புரைக்குள் இரண்டு வேறுபட்ட செய்திகள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதிப்புரிமை வரி, இந்த நிரல் யாருக்குச் சொந்தம் என்று சொல்கிறது. உரிமப் பகுதி, அந்தச் சொந்தக்காரர் மற்றவர்களுக்கு எதையெல்லாம் அனுமதிக்கிறார் என்று சொல்கிறது. ஒரே கோப்பில் ஐந்து பேரின் பதிப்புரிமை வரிகளும் ஒரே ஓர் உரிமமும் இருக்கலாம். ஒருவரே எழுதிய கோப்பை இரண்டு உரிமங்களின்கீழ் தரவும் செய்யலாம். உரிமையாளர்கள் அனைவரும் இசைந்தால் உரிமத்தை மாற்ற முடியும். பதிப்புரிமை வரியோ நடந்த ஒன்றைப் பற்றிய கூற்று. திட்டத்தின் பராமரிப்பாளர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தாலும், பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அந்த நிரலை எழுதினார் என்பது மாறிவிடாது.

சட்டத்தின்படி இந்த வரி இருந்தால்தான் பதிப்புரிமை உண்டாகுமா என்றால், இன்று இல்லை. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையும் அதன் பிற்காலத் திருத்தங்களும் வகுத்த நெறிப்படி, படைப்பு உருப்பெற்றவுடனே உரிமை பிறக்கிறது. பதிவோ அறிவிப்போ தேவையில்லை. இந்தியா 1928 முதலே அதில் உறுப்பு நாடு. அமெரிக்காவோ நெடுங்காலம் விலகி நின்று, 1989 மார்ச் 1 முதல்தான் அந்த உடன்படிக்கைக்குள் வந்தது. அதற்கு முன்பு அங்கே அறிவிப்பு இல்லாமல் வெளியிடப்பட்ட ஒரு படைப்பு தன் உரிமையையே இழந்துவிடக்கூடிய நிலை இருந்தது. மென்பொருள் உலகம் இன்று பின்பற்றும் பழக்கங்களில் பல அந்தக் காலத்தில் உருவானவை.

அப்படியானால் 1989க்குப் பிறகு அறிவிப்பின் வலிமை எங்கிருந்து வருகிறது? உரிமங்களிலிருந்து வருகிறது. எம்ஐடி உரிமம் ஏறக்குறைய எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டு, மேலுள்ள பதிப்புரிமை அறிவிப்பும் இந்த அனுமதி வாசகமும் எல்லாப் பிரதிகளிலும், நிரலின் கணிசமான பகுதிகளிலும் இடம்பெற வேண்டும் என்ற ஒன்றை மட்டும் கேட்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்த பிஎஸ்டி உரிமம் மூலநிரலில் அறிவிப்பை விட்டுவைக்கச் சொல்வதோடு, இயங்கு வடிவில் தரும்போது உடன்வரும் ஆவணத்திலாவது அதை அச்சிடச் சொல்கிறது. 2004இல் வந்த அப்பாச்சி 2.0 உரிமம் பதிப்புரிமை, காப்புரிமை, வணிகக்குறி ஆகியவை தொடர்பான அறிவிப்புகளைத் தக்கவைக்கச் சொல்வதுடன், அறிவிப்புக்கென்றே தனிக் கோப்பு இருந்தால் அதிலுள்ளதையும் கொண்டுசெல்லப் பணிக்கிறது. திருத்திப் பகிர்வதையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் 1991ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு, ஒவ்வொரு பிரதியிலும் உரிய அறிவிப்பைத் தெளிவாகக் காட்டவும், திருத்திய கோப்பில் திருத்தியதையும் அதன் தேதியையும் குறிப்பிடவும் கோருகிறது. இத்தனை தாராளமாக எழுதிக் கொடுத்தவர்கள் பதிலுக்குக் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான். அதையும் செய்யாதவருக்கு அனுமதி பொருந்தாது.

அறிவிப்பு இல்லாமல் போனாலும், இருந்ததை நீக்கினாலும் என்ன நேரும் என்பதை ஒரே வழக்கில் பார்க்க விரும்பினால், யுனிக்ஸ் என்ற இயங்குதளம் பற்றிய 1990களின் வழக்கைத்தான் எடுக்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த ஆய்வுக் குழு, யுனிக்ஸை உருவாக்கிய ஏடி அண்ட் டி நிறுவனத்திடம் உரிமம் பெற்று அதை விரிவாக்கி வந்தது. காலப்போக்கில் பெர்க்லியில் எழுதப்பட்ட பகுதி பெருகி, ஏடி அண்ட் டியின் பகுதி சுருங்கியது. 1991 ஜூனில் அந்தக் குழு, தாங்கள் எழுதியவையும் பிறர் கொடையாகத் தந்தவையும் மட்டுமே உள்ளன என்று கருதிய தொகுப்பொன்றை ‘நெட்வொர்க்கிங் ரிலீஸ் 2’ என்ற பெயரில் வெளியிட்டது. அதை அடிப்படையாக வைத்து பிஎஸ்டிஐ என்ற நிறுவனம் ஓர் இயங்குதளத்தை விற்கத் தொடங்கியதும், ஏடி அண்ட் டியின் துணை நிறுவனமான யுனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரிஸ் 1992இல் வழக்குத் தொடுத்தது. பின்னர் பல்கலைக்கழகத்தையும் பிரதிவாதியாகச் சேர்த்தது.

நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி டிக்கின்சன் டெபவாய்ஸ் 1993 மார்ச்சில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று நம் பொருளுக்கு நேராகத் தொடர்புடையது. பெர்க்லியின் நிரலுக்கு மூதாதையான 32வி என்ற யுனிக்ஸ் பதிப்பை ஏடி அண்ட் டி பதிப்புரிமை அறிவிப்பு இல்லாமலே பல உரிமதாரர்களுக்கு வழங்கியிருந்தது. அது 1989க்கு முந்தைய சட்டம் நடப்பிலிருந்த காலம். ஆகவே 32வியின்மீது தனக்குப் பதிப்புரிமை இருக்கிறது என்று வாதி நிலைநாட்டுவதற்கான வாய்ப்பு தெரியவில்லை என்று நீதிபதி கருதினார். உலகின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்று, தன் மிக மதிப்புள்ள மென்பொருள் சொத்தின் பிடியை, கோப்புகளின் தலையில் ஒரு வரி இல்லாததால் ஏறக்குறைய இழந்து நின்றது.

மறுபக்கம் இதைவிடக் கவனிக்கத்தக்கது. ஏடி அண்ட் டியின் ‘சிஸ்டம் ஃபைவ்’ பதிப்பிலும் பெர்க்லியின் நிரல் நிறையவே இருந்தது. ஆனால் ஒப்பந்தப்படி பல்கலைக்கழகத்துக்குத் தர வேண்டிய அங்கீகாரம் அங்கே தரப்படவில்லை. இதைக் காட்டி 1993இல் பல்கலைக்கழகம் கலிஃபோர்னியாவில் எதிர்வழக்குப் போட்டது. பணம் அதன் முதன்மைக் கோரிக்கையாக இருக்கவில்லை. உரிய நன்றியறிவிப்பைச் சேர்த்து ஆவணங்கள் அனைத்தையும் மறுபடி அச்சிட வேண்டும், உரிமதாரர் ஒவ்வொருவருக்கும் இந்தத் தவறைத் தெரிவிக்க வேண்டும், முன்னணி இதழ்களில் முழுப்பக்க விளம்பரம் தர வேண்டும் என்று கேட்டது. அதே ஆண்டில் யுனிக்ஸ் சொத்து நோவெல் நிறுவனத்தின் கைக்கு மாற, 1994 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. சுமார் 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை மூன்றே. வேறு சிலவற்றில் சிறு திருத்தங்கள். அதோடு, சுமார் 70 கோப்புகளில் யுனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரிஸின் பதிப்புரிமை வரியைச் சேர்க்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அந்தக் கோப்புகளைத் தொடர்ந்து எவரும் தடையின்றிப் பகிரலாம். அதே ஆண்டு வெளியான 4.4பிஎஸ்டி-லைட் இந்தச் சமரசத்தின் விளைவு. இன்றைய ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி ஆகிய கட்டற்ற இயங்குதளங்களின் வேர் அதில்தான் இருக்கிறது. ஈராண்டுகள் ஒரு சமூகத்தையே அச்சத்தில் வைத்திருந்த பூசலின் தீர்வில் பெரும்பகுதி, எந்தக் கோப்பின் தலையில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதைச் சரிசெய்வதாகவே முடிந்தது.

நன்றியறிவிப்புக் கோரிக்கை அளவு மீறிப் போன கதையும் பெர்க்லியிலேயே உண்டு. பழைய பிஎஸ்டி உரிமம், அந்த மென்பொருளின் அம்சங்களைக் குறிப்பிடும் விளம்பரம் ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றது. அதைப் பார்த்து மற்றவர்களும் தத்தம் பெயரை இட்டு அதே வாசகத்தை எழுதத் தொடங்கினார்கள். 1997இல் நெட்பிஎஸ்டியின் ஒரு பதிப்பில் இத்தகைய வாசகங்கள் 75 இருந்ததை ஜிபிஎல் உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். 1999 ஜூலையில் பல்கலைக்கழகம் அந்த விதியைக் கைவிட்டது. விளம்பரம் பற்றிய விதி போயிற்று. அறிவிப்பைத் தக்கவைக்கும் விதிகள் இரண்டும் அப்படியே தொடர்ந்தன.

கட்டற்ற உரிமத்தின் நிபந்தனையை மீறினால் அது வெறும் ஒப்பந்த மீறலா, பதிப்புரிமை மீறலா என்ற கேள்வி 2008 வரை அமெரிக்க நீதிமன்றங்களில் தெளிவாகத் தீராமலே இருந்தது. அதைத் தீர்த்தது பொம்மை ரயில்களைக் கணினியால் இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்ற திட்டம். பெர்க்லியின் இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன் அதன் பொறுப்பாளராக இருந்தார். அந்தத் திட்டத்தின் கோப்புகளைத் தம் வணிக மென்பொருளில் பயன்படுத்திய மாத்யூ கட்ஸர் தரப்பு, எழுதியவர்களின் பெயர்களையும், பதிப்புரிமை அறிவிப்புகளையும், உரிமக் கோப்பைச் சுட்டும் குறிப்பையும், என்ன மாற்றப்பட்டது என்ற விவரத்தையும் சேர்க்காமல் விட்டிருந்தது. இலவசமாகக் கொடுத்த ஒன்றில் இவற்றை விட்டதால் என்ன இழப்பு என்பதே எதிர்த்தரப்பு வாதத்தின் சாரம். 2008 ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் கைமாறவில்லை என்பதால் பொருளாதாரப் பயன் இல்லை என்று ஆகாது. பெயரும் மூலமும் துலங்கப் பரவுவதே அந்தத் திட்டம் வளரும் வழி. ஆகவே அவை உரிமத்தின் நிபந்தனைகள், மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் பரிகாரம் தேடலாம் என்றது. 2010இல் எதிர்த்தரப்பு ஒரு லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது.

அடுத்த சிக்கல், ஒருவரை ஒருவர் நன்கறிந்த, நல்லெண்ணமுள்ள இரண்டு கட்டற்ற சமூகங்களுக்கிடையே எழுந்தது. ஏதெரோஸ் கம்பியில்லா இணைப்புச் சில்லுகளுக்கான இயக்கி நிரலை ஓபன்பிஎஸ்டிக்காக ரெய்க் ஃப்ளோட்டர் எழுதி, மிக எளிய ஐஎஸ்சி உரிமத்தில் தந்திருந்தார். 2007இல் அதை லினக்ஸுக்குக் கொண்டுவர முயன்ற ஒரு திருத்தம், சில கோப்புகளில் அந்த உரிம வாசகத்தை எடுத்துவிட்டு ஜிபிஎல் வாசகத்தை வைத்தது. ஓபன்பிஎஸ்டியின் நிறுவனர் தேயோ டி ராட் கடுமையாக எதிர்த்தார். அந்தத் திருத்தம் அந்த வடிவில் ஏற்கப்படவில்லை. இதையடுத்து, கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குச் சட்ட உதவி தரும் அமெரிக்காவின் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர் அதே ஆண்டு செப்டம்பரில், ஜிபிஎல் திட்டத்துக்குள் இத்தகைய தாராள உரிமக் கோப்புகளை எப்படி வைத்திருப்பது என்று ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது.

அந்த வழிகாட்டுதல் இன்றும் பயன்படக்கூடியது. கோப்பில் நீங்கள் செய்தது சிறு திருத்தம் என்றால், பழைய உரிமத்திலேயே விட்டுவிடுவது நல்லது. அப்போதுதான் மூலத் திட்டமும் உங்கள் திருத்தத்தை எடுத்துக்கொள்ள முடியும். பெரிய அளவில் எழுதிச் சேர்த்து அதை ஜிபிஎல் உரிமத்தில் தர விரும்பினால், உங்கள் பதிப்புரிமை வரியையும் ஜிபிஎல் வாசகத்தையும் மேலே எழுதி, அதன்கீழே ‘இந்தக் கோப்பு பின்வரும் பதிப்புரிமை, அனுமதி அறிவிப்புகளுக்கு உட்பட்ட படைப்பை உள்ளடக்கியது’ என்று ஒரு வரி சேர்த்து, பழைய அறிவிப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் வைக்க வேண்டும். நம் ஊரில் நிலம் கைமாறும்போது புதுக் கிரயப் பத்திரம் எழுதுகிறோம். அதற்காகத் தாய்ப்பத்திரத்தைக் கிழிப்பதில்லை. சட்டம் அனுமதிக்கும் எல்லை ஒன்று, வாங்கிய இடத்துக்கு நாம் காட்ட வேண்டிய நேர்மை இன்னொன்று; 2007இல் புண்பட்டவர்கள் முதன்மையாக இரண்டாவதைத்தான் சுட்டினார்கள் என்று நான் கருதுகிறேன். தாராளமாகத் தந்தவரின் திட்டத்துக்கே திரும்ப வர முடியாதபடி திருத்தங்களைப் பூட்டுவது, சட்டப்படி சரியாக இருந்தாலும், செய்யத் தயங்க வேண்டிய செயல்.

புதிய வரியை எப்போது சேர்ப்பது, யார் பெயரில் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எழுத்துப்பிழையைத் திருத்தியவர், ஒரு மாறியின் பெயரை மாற்றியவர் ஆகியோருக்குத் தனிப் பதிப்புரிமை வரி பொருந்தாது. புதிதாக ஒரு செயற்கூறையே எழுதியவருக்குப் பொருந்தும். ஊழியராக இருந்துகொண்டு பணியின் பகுதியாக எழுதிய நிரல் என்றால், இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில் முதல் உரிமையாளர் முதலாளியே. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே ஒரு திட்டத்துக்குப் பங்களிக்கும் நிரலர், தம் பெயரை இடுவதற்கு முன்னர் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது திட்டத்துக்கும் அவருக்கும் பாதுகாப்பு.

பெயர்கள் பெருகிப்போகும் என்ற கவலைக்குப் பெரிய திட்டங்கள் ஒரு வழி கண்டிருக்கின்றன. சேவையகங்களில் மென்பொருளை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ், குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியம் போன்றவை தனித்தனிப் பெயர்களுக்குப் பதிலாக, ‘குபர்னெட்டீஸ் படைப்பாளர்கள்’ என்பது போன்ற பொது வரியை இடுகின்றன. உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. வரி அதைக் கூட்டாகச் சுட்டுகிறது. ஆண்டைப் பொறுத்தவரை, ஜனவரி பிறந்ததும் எல்லாக் கோப்புகளிலும் எண்ணை மாற்றும் சடங்கு பல திட்டங்களில் நடக்கிறது. அந்த ஆண்டில் எந்த மாற்றமும் காணாத கோப்பில் புது ஆண்டைப் போடுவது உண்மைக்கு மாறானது என்பதே என் எண்ணம். இணையவழித் தரவைப் பரிமாறும் கருவியான கர்ல் திட்டம் 2023இல் ஆண்டுகளையே நீக்கிவிட்டது. தம் சொந்த அறிவிப்பில் எதை எழுதுவது என்பது அந்தந்த உரிமையாளரின் உரிமை. இவை எதுவும், பிறர் எழுதிய வரியை எடுத்துவிட்டுப் பொது வரியை இட அனுமதி தருவதாகாது.

யார் எந்த வரியை எழுதினார் என்பதெல்லாம், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவியின் வரலாற்றிலேயே இருக்கிறதே, கோப்பின் தலையில் அறிவிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான், ஆனால் அந்த வாதம் மூன்று இடங்களில் தடுக்கிறது. நிரல் பயணிக்கும்போது வரலாறு உடன் வருவதில்லை. சுருக்கிய தொகுப்பாகவோ, ஒற்றைக் கோப்பை நகலெடுத்தோ கொண்டுபோனால் கோப்புக்குள் இருப்பது மட்டுமே மிஞ்சும். வரலாறு முழுமையானதும் அல்ல. லினக்ஸ் கெர்னலின் கிட் களஞ்சியம் 2005 ஏப்ரலில்தான் தொடங்குகிறது, முந்தைய பதினான்கு ஆண்டுகள் அதில் இல்லை. மூன்றாவதாக, கிட் காட்டுவது வரியைக் கடைசியாகத் தொட்டவரை. கோப்பு முழுதும் உள்தள்ளலைச் சீராக்கிய ஒருவர், கருவியின் கணக்கில் எல்லா வரிகளுக்கும் சொந்தக்காரராகத் தெரிவார். 2004 முதல் கெர்னலில் ஒவ்வொரு திருத்தத்தோடும் பங்களிப்பாளர் இடும் ஒப்பவரி, அந்த நிரலைத் தரத் தமக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்கிறது. அதுவும் பதிப்புரிமை வரியின் இடத்தைப் பிடிப்பதில்லை.

வரலாறும் அறிவிப்பும் சேர்ந்து தேவைப்படும் நேரம், உரிமத்தை மாற்ற நினைக்கும்போது வருகிறது. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் திட்டம் அப்பாச்சி உரிமத்துக்கு மாறப்போவதாக 2017இல் அறிவித்து, பங்களித்தவர்களைத் தேடி ஒப்புதல் கேட்டது. புதிய உரிமத்துடன் 3.0 பதிப்பு வெளிவந்தது 2021 செப்டம்பரில்.

பேணுதல் என்பதற்குப் பழையதை அப்படியே கிடக்க விடுதல் என்று பொருளாகாது என்பதை லினக்ஸ் கெர்னலின் துப்புரவுப் பணி காட்டுகிறது. ஜிபிஎல் வாசகம் கோப்புக்குக் கோப்பு சொல் மாறியும் பிழையோடும் நூற்றுக்கணக்கான வடிவங்களில் கிடந்தது. உரிமத்தின் நகல் கிடைக்காவிட்டால் எழுதுங்கள் என்று அதில் தரப்பட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் முகவரி, சில கோப்புகளில் கேம்பிரிட்ஜின் மாசசூசெட்ஸ் அவென்யூ, சிலவற்றில் பாஸ்டனின் டெம்பிள் பிளேஸ், சிலவற்றில் ஃபிராங்க்ளின் தெரு. 2017இல் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை இரண்டு தனித்தனி வருடிக் கருவிகளால் ஆராய்ந்து, ஐயமுள்ளவற்றை ஆட்கள் படித்துச் சரிபார்த்தார்கள். உரிமம் பற்றி எந்தக் குறிப்பும் இல்லாத 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளில், கெர்னலின் பொது உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பைச் சுட்டும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி சேர்க்கப்பட்டது. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் உருவாகி 2021இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆன இந்த முறையில், கோப்பின் முதல் வரியே உரிமத்தின் குறுக்கப் பெயரைச் சொல்லிவிடும். மனிதரும் படிக்கலாம், கருவியும் படிக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த அடையாள வரி உரிமத்தின் நீண்ட வாசகத்துக்கு மாற்று. பதிப்புரிமை வரிக்கு மாற்றன்று. துப்புரவில் வாசகங்கள் சுருங்கின, பெயர்கள் நின்றன.

கோப்புக்குள் கவனமாகப் பேணிய அறிவிப்பு, நிரல் பயனரைச் சென்றடையும் கடைசிக் கட்டத்தில் காணாமல் போவதுதான் இன்று அதிகம் நடக்கிறது. வலைத்தளங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சுருக்கும் கருவிகள் குறிப்புரைகளைக் களைந்துவிடும். எம்ஐடி உரிமக் கோப்பு ஒன்று அப்படிச் சுருங்கி வெளியே போகும்போது, உரிமத்தின் ஒரே நிபந்தனை மீறப்படுகிறது, மீறியவர் அறியாமலே. ஆச்சரியக்குறியோடு தொடங்கும் குறிப்புரைகளை விட்டுவைக்கும்படி இந்தக் கருவிகளை அமைக்கலாம்; அல்லது அறிவிப்புகளைத் திரட்டித் தனிக் கோப்பாக உடன் வைக்கலாம். கைப்பேசிகளின் அமைப்புகளுக்குள் இருக்கும் ‘சட்டத் தகவல்’ பக்கங்களும், குரோமியம் உலாவியில் நூற்றுக்கணக்கான திட்டங்களைப் பட்டியலிடும் நன்றிப் பக்கமும் இதற்காக இருப்பவைதான். இந்தியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65பி பிரிவு, படைப்போடு இணைந்த உரிமை மேலாண்மைத் தகவலைத் தெரிந்தே, அதிகாரமின்றி நீக்குவதையோ மாற்றுவதையோ இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றமாக்கியிருக்கிறது. படைப்பாளரின் பெயரும் பயன்பாட்டு நிபந்தனைகளும் அந்தத் தகவலின் வரையறைக்குள் வருகின்றன. ஆகையால், வெளியீட்டுக்கான தொகுப்பைக் கட்டும் நிரல்வரிசையை எழுதுபவர், பிறர் அறிவிப்புகள் கடைசித் தொகுப்பில் இருக்கின்றனவா என்ற சோதனையையும், பிற சோதனைகளைப் போலவே, தானாக ஓடும்படி அதில் சேர்த்துவிட வேண்டும்.